கார் ஓடுவாரா என்று கேட்ட நேர்ஸ்

வட லண்டனில் உள்ள எட்மண்டனில் வெகுகாலம் இருந்துவிட்டு, லண்டனிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளியுள்ள ஒரு சின்ன ஊரில் கடை எடுத்தோம். சுற்றிவர வயல். இடம் மாறிய பிறகும் என் கணவர் வைத்தியத்துக்கு எட்மண்டனில் இருந்த தமிழ் டொக்டரிடம்தான் போனார். கடைசியில் அங்கேயே, இருக்கும் ஊர் டொக்டரிடம் பதியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஊர் கிளினிக்குக்கு டொக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் சோதிப்பதும் மருந்து எழுதுவதும் ஒரு நேர்ஸ்.

"நேர்ஸ் எப்பிடி மருந்து எழுதுறது? ஆளில்லாத ஊர் எண்டு ஏமாத்துறாங்கள்," என்றார் கணவர்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஒரு காலை, பால் பெட்டிகளை அடுக்கும்போது அவர் மயங்கி விழுந்தார். சாப்பிடாமல் நின்றதுதான் காரணம் என்றார். அதே கிழமை மறுபடியும் விழுந்தார். கடையைப் பூட்டிவிட்டு கிளினிக்குக்குக் கிளம்பினோம். அப்போதும் வான் சாவியை எனக்குத் தரவில்லை.

நேர்ஸ் நடுவயது வெள்ளைக்காரப் பெண். அவசரப்படாமல் கேட்டுக்கொண்டே போனார். விழுமுன் நெஞ்சு படபடத்ததா, குடும்பத்தில் யாருக்கும் இப்படி வந்ததா, வீட்டில் யார் இருக்கிறார்கள். கேள்வி கூடக்கூட என் கணவரின் பதில் சுருங்கியது. கேட்பவர்களிடம் குறையச் சொல்வது அகதியாக வந்த காலத்தில் பழகியது.

"உதெல்லாம் இவவுக்கு ஏன்? கவுன்சிலுக்குச் சொல்லப் போறா," என்றார் என்னிடம் தமிழில்.

கார் ஓடுவீர்களா என்று நேர்ஸ் கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார். நேர்ஸ் என்னைப் பார்த்தார்.

"ஓடுவார்," என்றேன். "சாமான் எடுக்க ஒவ்வொரு கிழமையும் லண்டனுக்குப் போறவர்."

நேர்ஸ் ஈசிஜி எடுத்தார். தாளைப் பார்த்துவிட்டு, இதயம் மிக மெதுவாகத் துடிக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அங்கே சொல்லும்வரை கார் ஓடக்கூடாது என்றார். அம்புலன்ஸையும் அவரே கூப்பிட்டார்.

"நீர் ஏன் சொன்னனீர்?" அம்புலன்ஸில் படுத்தபடி கேட்டார் கணவர்.

"ஓடேக்க மயங்கினால் என்ன செய்வீங்கள்?"

"லைசென்ஸைப் பறிக்கத்தான் கேட்டவ. நீரும் சேர்ந்திட்டீர்."

ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மறுபடி ஓடலாம் என்று சொல்லும்வரை வானை நான்தான் ஓடினேன். பக்கத்து இருக்கையில் இருந்தபடி, லண்டன் வரைக்கும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

இப்போது அந்த நேர்ஸைத் தவிர வேறு யாரிடமும் போகமாட்டார். அவர் லீவென்றால் அடுத்த கிழமை வரை பொறுத்திருப்பார். போன மாதம் பிரஷர் பார்க்கக் கூப்பிட்டபோது வழமைபோல நானும் எழும்பினேன்.

"நீர் இதில இரும். நான் தனியப் போறன்."

கதவு சாத்திக்கொண்டது. திரும்பவும் தலைச்சுற்று வந்து என்னிடம் மறைக்கிறாரோ என்று யோசித்தபடி இருந்தேன். வெளியே வந்ததும், என்ன கேட்டவ என்றேன்.

"ஒண்டுமில்லை. எல்லாம் சரியாம்."

நான் நம்பவில்லை.