கரண்ட் கட் மிசாவோ

அகாஷி நகரத்து மீன் அங்காடித் தெருவின் வருடக் கடைசிக் குலுக்கலில் மிசாவோவுக்கு விழுந்தது நாலாம் பரிசு. அவள் கண் முழுக்க மூன்றாம் பரிசின் மேல்தான் இருந்தது: ஆறு புட்டி சோயா சாஸ். கையில் வந்ததோ ஒரு பெட்டி விளையாட்டுச் சீட்டு. பள்ளிக்கூடச் சமையலறையில் அறுநூற்று இருபது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப் போடுகிறவள், வயது நாற்பத்தேழு, சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? தெருக்கோடியில் ஒகிதாவின் சீட்டுக் கடை இருந்தது. அங்கே தள்ளிவிடலாம் என்று போனாள்.

ஒகிதா பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தேறுற சீட்டு ஒண்ணுகூட இல்லியே அக்கா. வந்தது வந்துட்டீங்க, ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க."

எதிரே உட்காரவைத்தது நகுராவை. பார்சல் வண்டி ஓட்டுகிற பையன், இருபத்தாறு வயது, மூன்று வருடமாகக் கடையின் சாம்பியன். ஆட்டம் சுலபம்தான். முறைக்கு ஒரு விளக்குச் சீட்டை முன்னால் வைக்கலாம். எத்தனை விளக்கு எரிகிறதோ அதற்குத் தக்க மிருகத்தை இறக்கலாம். மிருகம் அடிக்க அடிக்க எதிராளியின் இருபது உயிர் குறையும். மிசாவோவின் இருபதும் ஐந்தே சுற்றில் காலி.

"அழுதுடாதீங்க பெரியம்மா," என்றான் நகுரா.

பெரியம்மாவாம்! அந்த ஒரு வார்த்தை போதாதா? விற்க வந்த சீட்டை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மற்றவர்கள் எல்லாம் கண்ணாடி அலமாரியில் பளபளக்கும் டிராகனுக்கு ஏங்குவார்கள். மிசாவோ வாசலோரம் விலைபோகாத சீட்டுகளைக் கொட்டிவைத்த கழிவுத் தட்டின் பக்கத்தில் குந்திவிட்டாள். அதில் 'ஊதல்' என்று ஒரு சீட்டு, அதே வேலையைச் செய்யும் வேறு சில சீட்டுகள். நம் விளக்கு ஒன்றின் பலத்தில் எதிராளியின் விளக்கு ஒன்றை அணைத்துவிடும், அவ்வளவுதான். அடிக்காது, மிரட்டாது, பார்க்கவும் லட்சணம் கிடையாது. சீந்துவாரில்லாமல் கிடந்தது. மிசாவோவுக்கு மட்டும் அது வேறு மாதிரித் தெரிந்தது. இருபது வருடம் அடுப்படியில் நின்றவள் அல்லவா? குழம்பு கொதித்து இறங்கிய பிறகு அடுப்பை அணைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? உலை வைத்த கையோடு அணைக்க வேண்டும். அரிசியும் காயும் மலையாகக் குவிந்திருந்தாலும் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு கிடையாது.

அணைக்கிற சீட்டாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கட்டு கட்டினாள். கட்டு வேலை செய்தது, ஐயோ, தேவைக்கு மேலேயே செய்தது! எதிராளி கை நிறைய மிருகத்தை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பான். ஆனால் முடித்துவைக்க அவளிடம் இருந்தவை இரண்டே டிராகன். அவற்றை இறக்க அவளுக்கே ஐந்து விளக்கு வேண்டும். அது சேர்வதற்குள் மணி அடித்துவிடும். ஆட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம். நேரம் முடிந்தால் இரண்டு பேருமே தோற்றதாகக் கணக்கு. எல்லாச் சீட்டுக் கடையிலும் அதுதான் சட்டம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படியே போயிற்று. தானும் தோற்று, எதிரே உட்கார்ந்தவனையும் சேர்த்து மூழ்கடித்தாள். யாருக்குத்தான் எரியாது? அவள் கதவைத் திறந்ததுமே, "கரண்ட் கட் வந்தாச்சு டோய்!" என்று உள்ளே குரல் கிளம்பும். போட்டி இல்லாத நேரத்தில் அவளுக்கு எதிர் நாற்காலி காலியாகவே கிடக்கும். பக்கத்துக் கடை முட்டைப் பணியாரத்தை ரசத்தில் முக்கித் தனியாகத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவாள். வலித்தது. ஆனாலும் கட்டைப் பிரிக்க மனசு வரவில்லை. தானாக யோசித்துத் தானாகச் செய்தது என்று அவளுக்கு வேறு எது இருக்கிறது? சமையலறையில் அரிசியின் அளவுகூட மேலிடத்திலிருந்து அச்சடித்து வருகிறது.

கோபேயில் நடக்கும் மாகாணப் போட்டிக்கு ஆள் எடுக்கும் வாரம் நெருங்கியது. நகுரா எல்லார் முன்னாலும் ஆரம்பித்தான். "இது ஆட்டமே இல்ல, அழிச்சாட்டியம். என்கிட்ட தோத்தாலோ மணி அடிச்சாலோ, அந்தக் கட்டைப் பிரிச்சுப் பழைய தட்டுலயே போட்டுடணும். சம்மதமா?"

"நான் ஜெயிச்சா?"

"ஜெயிச்சா, கோபே போற ஆளோட பேரை என் கையாலேயே எழுதிச் செவுத்துல ஒட்டறேன்."

"எழுத்து அழகா இருக்கணும் தம்பி. உன் ரசீதுல ஒரு எழுத்தாவது புரியுதா?"

கடை சிரித்தது. மிசாவோ சம்மதம் என்று தலையை ஆட்டினாள்.

அந்த வாரம் இரண்டு டிராகனையும் கட்டிலிருந்து உருவினாள். அந்த இடத்தில் சாக்கடை எலிகளைச் செருகினாள். ஒரே விளக்கில் இறங்கும், சுற்றுக்கு ஒரு உயிர் கொறிக்கும். அதுவும் கழிவுத் தட்டுச் சரக்குதான். பிறகு கைவேகம். பதினெட்டு நிமிடத்தில் அறுநூற்று இருபது கிண்ணத்துக்குச் சூப் ஊற்றுகிற கை அது. சமையலறைக் கடிகாரத்தை முடுக்கிவிட்டுப் பழகினாள்: சீட்டை எடு, ஊது, எலியை விடு, "உன் முறை." நாலே விநாடி.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் இருவரும்தான் மோதினார்கள். குனிந்து வணக்கம் சொல்லி, கல்லு, காகிதம், கத்தரி போட்டார்கள். முதலில் ஆடும் முறை நகுராவுக்கு. அவன் ஒரு விளக்கு வைத்தான், இவள் ஊதினாள். மறுபடி வைத்தான், மறுபடி ஊதினாள். எலி ஒன்று இறங்கியது, பின்னாலேயே இன்னொன்று.

அப்புறம் ஊதல் வரவில்லை. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. நகுராவின் முன்னால் மூன்று விளக்கு எரிந்தது. "வாடா ராசா!" என்று இரும்புக் காளையை இறக்கினான். ஒரே முட்டில் ஆறு உயிர். அடுத்த முட்டில் இன்னொரு ஆறு. மிசாவோவிடம் மிச்சம் எட்டு. வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள்.

அவள் காளையைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தாள். அந்தக் காளை யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. முறைக்கு முறை மூன்று விளக்கும் எரிந்தால்தான் நிற்கும். நகுராவோ நாலாவது விளக்கு வைக்கவில்லை. அவன் கையில் இருந்ததெல்லாம் பெரிய மிருகங்கள். சீட்டை எடுத்தாள். ஊதல்! ஒரே ஒரு விளக்கை அணைத்தாள். அடுத்த முறை காளை தானாகக் களத்தைவிட்டு இறங்கிப் போயிற்று.

அதற்கப்புறம் மிச்ச விளக்குகளையும் ஊதி அணைத்தாள், மூன்றாவது எலியையும் இறக்கினாள். கும்மிருட்டு. மூன்று எலியும் கொறித்துக்கொண்டே இருந்தன. நகுராவின் உயிர் பதினொன்றுக்கு வந்தபோது கடிகாரத்தில் ஏழு நிமிடம் பாக்கி. இன்னும் நாலே சுற்று.

அங்கேதான் நகுரா கிறுக்குப் புத்தியைக் காட்டினான். சீட்டுகளை விரித்தான், மூடினான், கன்னத்தில் கை வைத்தான். யோசிக்கிறானாம்! முதல் முறைக்கே இரண்டு நிமிடத்தைத் தின்றான். மிசாவோ நாலே விநாடியில் ஆடிக் கொறித்துவிட்டு, "உன் முறை," என்றாள். மறுபடி கன்னத்தில் கை. இப்படியே போனால் மணி அடித்துவிடும், கட்டு தட்டுக்குப் போய்விடும். வாய்விட்டுக் குறை சொன்னால் அழுகிறாள் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடுவராக நின்ற ஒகிதா குனிந்து மேசையைப் பார்த்தார். "டேய் நகுரா, உனக்கு எத்தனை விளக்குடா எரியுது?"

"...ஒண்ணும் இல்ல."

"கையில விளக்குச் சீட்டு?"

"இல்ல."

"விளக்கும் இல்ல, வைக்கவும் சீட்டு இல்ல. அப்புறம் என்னத்தைடா இவ்வளவு நேரம் யோசிக்கிறே?"

கடையே வெடித்துச் சிரித்தது. அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "இது எச்சரிக்கை. இன்னொரு தடவை இழுத்தா ஆட்டம் அக்காவுக்கு," என்றார் ஒகிதா.

நகுராவின் காது சிவந்தது. "உங்க முறை," என்றான். எடுத்தாள், ஆடினாள், எலிகள் கொறித்தன. இன்னொரு முறை. இன்னொன்று. கடைசிச் சுற்றுக்கு யாரோ சத்தமாக எண்ணவே ஆரம்பித்துவிட்டார்கள். உயிர் தீர்ந்தபோது ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

நகுரா சீட்டுகளைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தலையை நன்றாகத் தாழ்த்தினான். "தோத்துட்டேன். நன்றி." அரைகுறையாகச் சொல்லவில்லை, ஒழுங்காகவே சொன்னான். மிசாவோவும் குனிந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். சந்தோஷத் தண்ணீர்தான், துடைக்கக்கூட இல்லை.

ஒகிதா தாளையும் தூரிகைப் பேனாவையும் நீட்டினார். நகுரா நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிப் பிள்ளையாட்டம், 'இகுஷிமா மிசாவோ' என்று எழுதினான். நிஜமாகவே அழகாக எழுதினான். அதற்குக் கீழே கட்டின் பெயர் எழுதும் கட்டம். பேனா நின்றது.

"இதுக்கு என்ன பேர் போடறது, அக்கா?"

பெரியம்மா எங்கே போனாளோ!

"என்னைக் கேக்கறே? நான் கதவைத் திறந்ததுமே நீங்கதான் கத்துறீங்களே, அதையே போடு," என்றாள் மிசாவோ. "பெரிசா எழுது. கோபேக்காரங்களுக்கும் தெரியட்டும்."

'கரண்ட் கட்' என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, நகுரா அவளுக்கு எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "இன்னொரு ஆட்டம்," என்றான். அவனுக்குப் பின்னால் அதற்குள் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.