கை பொறுக்கும் சூடு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குச் சுடுதண்ணி என்று பட்டப்பெயர். வைத்தது யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டாள். விரிப்பு மடிக்கும்போது ஒரு ஓரம் கோணிவிட்டால் போதும், மடித்தவளின் ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுப்பாள். அவள் ஓய்வுபெற்ற அன்று சலவைக்கூடமே நிம்மதியாக மூச்சு விட்டது. அதற்குப் பிறகு அந்த வாய் முழுவதும் தம்பி பெண்டாட்டியின் பங்குக்கு வந்து சேர்ந்தது.

கல்யாணம் செய்துகொள்ளாதவள். தம்பியைப் படிக்கவைத்தது அவள் சம்பளம்தான். அவன் அதை மறக்கவில்லை, ஆனால் நினைத்துப் பார்க்கவுமில்லை. அந்த வீட்டில் அவள் கொடி பறந்ததற்குக் காரணம் நன்றி அல்ல, ஃபட்ஜ். பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் கோகோப் பொடியும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, தட்டில் ஊற்றித் துண்டு போடுகிற அந்த இனிப்பு, அவள் கையால் செய்தால் வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும். அம்மா அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த பக்குவம். தம்பி அதை டப்பா டப்பாவாக ஆபீசுக்குக் கொண்டுபோய், மேனேஜர் மேஜையில் வைத்து வைத்தே மேலே ஏறினான்.

தம்பி பெண்டாட்டி வந்த புதிதில் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டாள். சுடுதண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். பாகைக் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் விரலில் மெத்தென்று உருளவேண்டும் என்பதுவரை சொன்னாள். ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னாள். உண்மையில் இறக்கிய பாத்திரத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். அடியில் உள்ளங்கையை வைத்தால் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் கரண்டியே போடவேண்டும். சுடுதண்ணியோ, இறக்கினதும் விடாமல் கிளறு என்று சொல்லிவைத்தாள். சூட்டில் கிளறினால் சர்க்கரை பூத்து நறநறத்துப்போகும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் ஆனது. ஆற்று மணலை அள்ளிக்கொண்டு வந்தாயா என்று அக்காவும் தம்பியும் மாறி மாறிக் கேட்டுச் சிரிப்பார்கள். தம்பி பெண்டாட்டியும் கூடவே சிரித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போவாள்.

தம்பிக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. போகிற வீட்டில் இரண்டே அறை. உங்கள் அக்கா வேண்டாம் என்று பெண்டாட்டி முதன்முறையாக வாய் திறந்தாள். அவன் யோசித்துவிட்டு, அப்புறம் ஃபட்ஜ் யார் செய்வது என்றான். விளையாட்டாகச் சொன்னதல்ல. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட சுடுதண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதைக் கேட்டுத் தனக்கு அழுகை வந்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

சும்மா இருந்திருந்தால் பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் வாய் திறந்ததற்கு ஒரு பாடம் புகட்டவேண்டுமே. வழியனுப்ப மேனேஜர் குடும்பத்தோடு வருகிற அன்று, எனக்குக் கை வலி, இன்றைக்கு அவளே செய்யட்டும் என்று சொல்லிவிட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டாள். நாலு பேர் முன்னால் மணல் தின்னட்டும், யார் இல்லாமல் இந்த வீடு நடக்காது என்று எல்லாருக்கும் புரியட்டும் என்பது கணக்கு.

உள்ளே பாத்திரம் இறங்குகிற சத்தம் கேட்டது. அதே நேரம் சுடுதண்ணியின் கண்ணில் ஜன்னல் திரை பட்டது. துவைக்காத திரை. விருந்தாளி வருகிற வீட்டில். இங்கே வா என்று கூப்பிட்டாள்.

தம்பி பெண்டாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். திரையில் தொடங்கிய திட்டு, தலைவாரல், சமையல், அவள் பிறந்த வீடு என்று ஊர் சுற்றியது. குழந்தை பெறாததைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் தலை குனிந்தபடி நின்றாள். சுடுதண்ணிக்குத் தொண்டை வற்றியபோதுதான் திட்டு நின்றது. தம்பி பெண்டாட்டி உள்ளே போனாள். பிறகு வெகுநேரம் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. கரண்டியே முறிந்துவிடும் போலிருந்தது.

தட்டு வெளியே வந்ததும் சுடுதண்ணிக்குத் தெரிந்துவிட்டது. பளபளப்பு அடங்கி, வெட்டிய ஓரம் கத்தி மாதிரி நின்றது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு துண்டு தின்றார். இது அக்கா செய்வதைவிட நன்றாக இருக்கிறதே என்றார். தம்பி முகமெல்லாம் பல்.

விருந்தாளிகள் போனதும் அவன் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வாயில் கடைசித் துண்டு.

"அக்கா, அங்க ரெண்டே ரூமு. இங்க பக்கத்துலயே ஒரு முதியோர் இல்லம் சுத்தமா இருக்காம். உன்கூட வேலை பாத்தவங்க அப்பப்ப வந்து பாத்துக்குவாங்க."

அவளோடு வேலை பார்த்தவர்களில் அவளைப் பார்க்க வரக்கூடியவர் ஒருவர்கூடக் கிடையாது.

"அவளுக்கு ஏதோ இன்னிக்கு வந்துடுச்சுடா. மறுபடியும் வராது," என்றாள்.

"ஏன் வராது?"

அதைச் சொல்வதென்றால் இத்தனை வருஷப் பொய்யையும் சொல்லவேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டாள். சலவைக்கூடத்தில் யாரும் பார்த்திராத காட்சி அது. தம்பி விரலைச் சப்பிக்கொண்டே எழுந்து போனான்.

சுடுதண்ணி உள்ளே போனபோது, அடுப்படியில் தம்பி பெண்டாட்டி பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டியதை ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். குரல் வழக்கம்போலத் தணிவாகவே இருந்தது.

"நீங்க திட்டி முடிக்கிற அளவு நேரம் அது ஆறணும்போல, அக்கா. உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

சுடுதண்ணி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"அங்க நீங்க இல்லாம என்ன செய்யறதுன்னு யோசிச்சேன். பரவால்ல, கடிகாரத்தைப் பாத்துக்கறேன்."