பதினோரு அடி

கண் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளை எல்லோரும் ‘எழுத்தக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே விளக்குப் பெட்டியில் ஒளிரும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, எத்தனை சரி என்று எண்ணிக் குறிப்பதுதான் பதினாலு வருஷமாக அவள் வேலை. சரியென்றும் தப்பென்றும் வாய் திறக்கமாட்டாள். முகத்தைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாதென்று வேறுபக்கம் திரும்பி நிற்பாள். தான் சமைத்துப் போட்டு, உப்பு சரியா என்று கேட்டால்கூட அவளிடம் அதே முகம்தான் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அப்போது நடந்துகொண்டிருந்தது, கருவிழி கூம்பிப்போய்ப் பார்வை கலங்கும் நோய்க்கான ஆராய்ச்சி. ஒரு கண்ணின் கருவிழிக்குள் மெல்லிய வளையம் வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அளப்பார்கள். முன்னைவிட ஐந்து எழுத்தாவது கூடுதலாகப் படித்தால்தான் அடுத்த கண்ணுக்கும் அறுவை. இல்லையென்றால் அதைத் தொடமாட்டார்கள்.

முப்பத்தைந்து வயதுக் கொத்தனார் ஒருவர் ஏழு எழுத்து கூடுதலாகப் படித்தார். வியாழக்கிழமை அடுத்த கண்ணுக்கு அறுவை என்று முடிவானது. படித்து முடித்தவர் எழுந்து, நாற்காலியிலிருந்து பெட்டிவரை குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்டப் பாதம் வைத்து நடந்தார்.

“என்ன தம்பி பண்றீங்க?”

“சும்மாதான்க்கா, தொழில் புத்தி. நாலு மீட்டர்னு சுவத்துல எழுதியிருக்கு. அப்படின்னா பதிமூணு அடி வரணும். இங்க பதினொண்ணுதான் வருது. என் பாதம் சரியா ஓரடி.”

அவள் சிரித்து அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திவிட்டு அளவு நாடாவை எடுத்தபோது சிரிப்பு போயிருந்தது. பதினோரு அடிதான். இரண்டு மாதம் முன்பு தரை மாற்றியபோது நாற்காலிக்கு அடையாளம் ஒட்டியது அவள்தான். வழக்கம்போலச் சுவரிலிருந்து அளந்தாள். ஆனால் அப்போது வந்த புதுப் பெட்டி, பழையதைப்போலச் சுவரில் மாட்டியதல்ல. சுவருக்கு இரண்டடி முன்னால் தாங்கியில் நிற்பது. அந்த இரண்டடி, வந்தவர்களுக்கெல்லாம் மூன்று நான்கு எழுத்தைச் சும்மா அள்ளிக் கொடுத்திருந்தது. பதிவேட்டை எண்ணினாள். முப்பத்தொரு பேர்.

வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நாற்காலியை நகர்த்தவும் கை வரவில்லை, நகர்த்தாமல் அளக்கவும் மனம் வரவில்லை. பெட்டியில் விளக்கு கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த அறையில் அவள் சொன்ன முதல் பொய் அது.

அன்றிரவு விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்காரர் பயந்துபோனார். வெளியே சொன்னால் வேலைக்கே உலை வைத்துவிடும் என்றார். நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு வாயை மூடிக்கொள்ளச் சொன்னார்.

“அந்தத் தம்பிக்கு வியாழக்கிழமை ஆபரேஷன்” என்றாள் அவள்.

மறுநாள், ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மாவின் அறை வாசலில் இரண்டு தடவை போய்த் திரும்பினாள். மூன்றாம் தடவை உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த ஆராய்ச்சி டாக்டரம்மாவின் இரண்டு வருஷ உழைப்பு. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் நேத்தே சொல்லல?”

அவள் பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

முப்பத்தொரு பேரையும் திரும்ப வரவழைத்தார்கள். இந்தமுறை அளந்தது வேறு பிரிவிலிருந்து வந்த பெண். கொத்தனார் படிக்கும்போது எழுத்தக்கா கதவுக்கு வெளியே நின்று விரல்விட்டு எண்ணினாள். பெட்டியிலிருந்த எழுத்துகள் அவளுக்கு மனப்பாடம். கடைசி வரியில் அவர் குரல் தடுமாறியது. கூடுதல் நான்குதான்.

அறுவை நின்றது. காரணத்தை அவளே அவரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: “இந்தத் தப்பு அளவை வெச்சு வேற யாருக்காச்சும் ஆபரேஷன் பண்ணிட்டாங்களாக்கா?”

“ரெண்டு பேருக்கு.”

அந்த இருவரில் ஒருவர் மறு அளவிலும் ஐந்தைத் தாண்டினார். இன்னொருவர் பள்ளிக்கூட டீச்சர். அவருக்கு மூன்றுதான். தேவையில்லாமல் கீறப்பட்ட கண் அவருடையது. தகவலைச் சொன்னபோது எழுந்து போனவர், அதற்குப்பின் எழுத்தக்காவிடம் பேசவேயில்லை. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் தவறாமல் வந்தார். புண்ணாகிவிடுமா, வளையம் நகர்ந்துவிடுமா என்று, அவர் வரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தக்காவுக்குச் சோறு இறங்காது.

வேலை போகவில்லை. ஆறு மாதம் பதிவேடு மட்டும் எழுதவைத்தார்கள். ஆராய்ச்சி முடிவு ஒரு வருஷம் தாமதமாக வந்தது. பலன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நாற்காலித் தவறும் அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருந்தது.

கடைசிச் சோதனைக்கு டீச்சர் வந்த அன்று அளக்க வேறு யாரும் இல்லை. டீச்சர் வாசலில் தயங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கண் மோசமாகவில்லை, தேறவும் இல்லை. குறித்துக்கொண்டிருந்தவளிடம், “எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

பதில் சொல்லக்கூடாது என்பது விதி. அவள் திரும்பி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

“அப்படியேதான் இருக்கு டீச்சர்” என்றாள்.

டீச்சர் தலையசைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.