மாமாவின் டிரெய்லரும் நான்கு தண்ணீர் கேன்களும்

என் அப்பா கல்லூரியில் வேதியியல் நடத்தினார். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பறக்கும் படைதான். தேர்வு நாட்களில் கல்லூரி கல்லூரியாகப் போய் பிட் அடிப்பவர்களைப் பிடிப்பார். சட்டைக் காலர், பெல்ட்டின் உட்புறம், ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் என்று தான் கண்டுபிடித்த ஒளிவிடங்களைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு விவரிப்பார். தேர்வு முடிந்தாலும் அந்தப் பார்வை மட்டும் முடியாது. காய்கறிக்காரரின் தராசு, கேபிள்காரரின் ரசீது, திங்கட்கிழமை காலையில் எனக்கு வரும் வயிற்றுவலி, எதையும் அவர் சோதிக்காமல் விட்டதில்லை. பாலக்கரையில் எங்கள் வீட்டில் பொய் சொல்வது கஷ்டம். உண்மையைச் சொல்லி நம்பவைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அப்பாவின் சந்தேகப் பட்டியலில் முதலிடம் மாமாவுக்கு. மாமா அம்மாவின் ஒரே தம்பி. துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். கையில் என்ன காயம் என்றால் புலி கடித்தது என்பார். எந்தப் புலி என்றால், பாவம், பல் விளக்காத புலி என்பார். அம்மாவுக்கு இது விளையாட்டு, அப்பாவுக்கு இது பொய். எனக்குப் பத்து வயது. நான் அப்பா கட்சி.

பட்டறை வேலை போக மிச்ச நேரத்தில் எட்டு மாதம் பாடுபட்டு மாமா ஒரு டிரெய்லர் செய்திருந்தார். காரின் பின்னால் கட்டி இழுத்துப் போவது. இரும்புச் சட்டத்தின் மேல் தகரப் பெட்டி, இரண்டு சக்கரம், உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, மேலே பிரித்தால் ஒரு கூடாரம். குடும்பங்கள் இதை மலைக்கு இழுத்துப் போய்த் தங்கும், நாளைக்கு ஊரே வந்து கேட்கும் என்று நம்பினார். தொழிலாகச் செய்ய அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் காலியாகக் கிடந்தது. அம்மா பல நாள் பேசி, கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். டிரெய்லரை எங்கள் காரிலேயே கட்டி, குடும்பத்தோடு பச்சைமலை போய்த் திரும்ப வேண்டும். ஒரு கீறல் இல்லாமல் வந்தால் ஷெட் மாமாவுக்கு.

அம்மா அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“உன் மாமா கார்ல என்னல்லாம் பண்றாருன்னு ஒரு கண்ணு வச்சுக்க. ஒண்ணு விடாம வந்து சொல்லணும்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் பள்ளி விட்டு வந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாமாவை வேவு பார்த்தேன். பார்த்தது எல்லாமே சந்தேகத்துக்கு இடமாகத்தான் இருந்தது. காரின் பின்னால் இரும்புக் குண்டு வைத்த ஒரு கொக்கியைப் பொருத்தினார். டிரெய்லரின் மூக்கு அந்தக் குண்டின் மேல் உட்கார்ந்த பிறகும், அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டினார். பூட்டியதற்கு மேல் எதற்குச் சங்கிலி? மாட்டியதைத் தானே நம்பாதவர் என்ன வேலை செய்திருப்பார்? பிறகு எங்கள் குளியலறையில் இருந்த எடை மெஷினைத் தூக்கி வந்து, செங்கல் மேல் வைத்து, டிரெய்லரின் மூக்கை அதன் மேல் இறக்கி முள்ளைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே இருந்த சாமான்களை முன்னும் பின்னும் நகர்த்தினார். மறுபடி எடை பார்த்தார்.

“ஏன் மாமா கனமானதெல்லாம் முன்னாடி வைக்கிறீங்க?”

“மூக்கு கனமா இருந்தாத்தான் மருமகளே வண்டிக்குத் தும்மல் வராது.”

“நிசமா சொல்லுங்க.”

“நிசமா சொன்னா நீ நேரா அப்பாகிட்ட போய்ச் சொல்லுவியே” என்று கண்ணைச் சிமிட்டினார். நான் வேவு பார்ப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது.

புறப்படுகிற சனிக்கிழமை காலை, பூசை முடிந்து பங்குச் சாமியார் வந்து காரையும் டிரெய்லரையும் மந்திரித்தார். டிரெய்லர் மேல் இன்னும் கொஞ்சம் தீர்த்தம் தெளிக்கும்படி அப்பா கேட்டுக்கொண்டார். அதன் பிறகு ஏறியதுதான் தண்ணீர். மலைத் தண்ணீரை அப்பா நம்ப மாட்டார். காவிரித் தண்ணீர் தவிர எது குடித்தாலும் தொண்டை கட்டும் என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டுக் குழாயிலேயே பிடித்து நான்கு பெரிய கேன், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். மாமா தலையைச் சொறிந்தார். பிறகு நான்கையும் சக்கரத்துக்கு முன்பக்கமாக நெருக்கி வைத்து, பெல்ட் போட்டு இறுக்கினார்.

அப்பா என் ஸ்கேலை வாங்கிக் காரின் பின்பக்கம் குனிந்து அளந்தார். இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

“ஸ்பிரிங் போச்சு” என்றார்.

“அது இருக்க வேண்டிய எறக்கந்தான் மச்சான்.”

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவின் கார் மேல் மாமாவுக்குப் பொறாமை. பாரத்தையெல்லாம் முன்னால் ஏற்றி அதன் இடுப்பை ஒடிக்கப் பார்க்கிறார்.

அப்பாதான் ஓட்டினார். மாமா பக்கத்தில், நானும் அம்மாவும் பின்னால். காவிரிப் பாலம், திருவானைக்காவல், கொள்ளிடம் வரை டிரெய்லர் பின்னால் வருவதே தெரியவில்லை. டோல்கேட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். மாமா இறங்கியதும் கொக்கியை ஆட்டிப் பார்த்தார், சங்கிலியைத் தொட்டார், சக்கரத்தில் கையை வைத்துச் சூடு பார்த்தார். “எத்தன வாட்டி தம்பி சுத்துவீங்க, டீ ஆறுது” என்று அப்பா கூப்பிட்டார். மூவரும் டீக்கடைக்குள் போனார்கள். நான் டிரெய்லரின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினேன்.

பெல்ட்டைக் கழற்றி, கேன்களை ஒவ்வொன்றாகத் தகரத் தரையில் இழுத்துக் கதவோரம் கொண்டுவந்தேன். ஒன்றின் மூடி கசிந்து என் கவுன் முன்பக்கம் முழுக்க நனைந்தது. நான்கும் வந்த பிறகு அவற்றின் மேல் ஏறிக் குதித்து, கதவைச் சாத்தினேன். காரின் பின்பக்கம் நிமிர்ந்திருந்தது. அப்பாவின் காரைக் காப்பாற்றிவிட்டேன்.

“இப்பத்தான் வண்டி லேசாப் போகுது” என்று மண்ணச்சநல்லூர் தாண்டி அப்பா சொன்னார். வேகம் கூடியது. நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

மாமா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “மச்சான், கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. என்னமோ சரியில்ல.”

“நல்லாத்தானே போகுது?”

“ஒரு நிமிஷந்தான். பாத்துட்டுப் போயிடலாம்.”

தன் கையிலிருந்து ஸ்டியரிங்கை வாங்கத்தான் இந்த நாடகம் என்று அப்பா நினைத்தார். பிறகு அவரே பல தடவை அப்படிச் சொன்னார். நிறுத்தவில்லை.

திருவெள்ளறை தாண்டி ஓர் இறக்கம். எதிரே துறையூர் பஸ் ஒன்று பறந்து வந்து எங்களை உரசுவதுபோல் கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லரின் பின்புறம் லேசாக இடது பக்கம் போனது, பிறகு வலது பக்கம், பிறகு இன்னும் அதிகமாக இடது பக்கம். காரையே பின்னாலிருந்து யாரோ பிடித்து ஆட்டினார்கள். நான் அம்மா மடியில் போய் விழுந்தேன். அம்மா “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பித்தவள் அதே வரியில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். முன்னால் ஒருவர் மொபெட்டை அப்படியே வயலுக்குள் விட்டார். செத்துப் போகப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்தது.

“பிரேக் வேணாம்! மச்சான், பிரேக் வேணாம். கால மட்டும் எடுங்க. ஸ்டியரிங்க நேராப் புடிங்க, திருப்பாதீங்க. அப்படியே விடுங்க.”

மாமா கத்தவில்லை. கெஞ்சுகிற குரல் அது. அப்பா தன் வாழ்நாளில் மாமா சொன்னதைச் சோதிக்காமல் கேட்டது அந்த ஒரு தடவைதான். காலை எடுத்தார். கார் மெல்ல வேகம் இழந்தது, ஆட்டம் குறைந்தது, ஒரு புளியமரத்தை ஒட்டிப் போய் நின்றது.

மொபெட்காரர் சேற்றோடு வந்து திட்டிவிட்டுப் போனார். மாமா டிரெய்லரின் பின்கதவைத் திறந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். நான்கு கேனும் வரிசையாக நின்றன. தரையில் ஈரம் நான்கு கோடாக இழுபட்டிருந்தது. பெல்ட் கழன்று கிடந்தது. மாமா கோடுகளைப் பார்த்தார். திரும்பி என் நனைந்த கவுனைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் கவுனைக் கைகளால் மறைத்துக்கொண்டேன்.

அப்பா சுற்றிக்கொண்டு வந்தார். “தண்ணிய யாரு இங்க கொண்டாந்து வச்சது?”

“நான்தான் மச்சான்.”

“நீங்களா?”

“கார் எறங்கிருக்குன்னு வருத்தப்பட்டீங்கல்ல. டோல்கேட்ல மாத்தி வச்சேன். பின்னாடி கனம் ஏறினா வண்டி ஆடும். தப்புதான்.”

அப்பா தலையை ஆட்டினார். பிட்டோடு ஒருவனைப் பிடித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. “எனக்குத் தெரியும்” என்றார், அவ்வளவுதான். அம்மா தம்பியைப் பார்த்து “ஏன்டா இப்படிப் பண்ண, ஏன்டா?” என்று அழுதாள். மாமா கேன்களைத் தூக்கி முன்னால் வைத்து, பெல்ட்டை இறுக்கினார். அங்கேயே திருப்பிக்கொண்டு பாலக்கரைக்கு வந்தோம். வழியெல்லாம் டிரெய்லர் ஆடவே இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஷெட் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு மினி லாரியில் ஏற்றி மாமா டிரெய்லரைக் கொண்டுபோனார். மூன்று மாதத்தில் கத்தாரில் வெல்டிங் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ள வந்தவர் என் தலையில் கையை வைத்து, “வரேன் மருமகளே” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, எதுவும் கேட்கவில்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ஒருவர் சும்மா எதற்குப் பழியை ஏற்றுக்கொள்வார்? பெரிதாக எதையோ பிறகு கேட்கப் போகிறார் என்று உறுதியாக நம்பினேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அவர் அம்மாவுக்குப் போன் பண்ணுவார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். நான் ஓடிப்போய்க் கதவோரம் நின்று, என்னைக் காட்டிக்கொடுக்கிறாரா என்று ஒட்டுக்கேட்பேன். வெயிலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசிவிட்டு, கடைசியில் ஒவ்வொரு தடவையும் “பாப்பா எப்படியிருக்கா, அவகிட்ட குடேன்” என்று கேட்பார். அதை நான் மிரட்டல் என்றே நினைத்தேன். தூங்குகிறாள் என்று சொல்லச் சொல்லி அம்மாவுக்குக் கையைக் காட்டுவேன்.