செவ்வாய்க்கிழமை பார்த்த வீடு

பார்லர் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில் சீப்புகளை வெந்நீரில் போட்டுக் கழுவுவாள். கழுவியவற்றையே மறுபடி கழுவுவாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, திருப்தி இல்லாமல் திரும்பவும் துடைப்பாள். பதினாறு வருடமாக அந்தத் தெருவில் புருவம் திருத்தி, முடி வெட்டி, சாயம் பூசி வந்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபது வயதுக்காரிகளும் அப்படித்தான்.

வீடு வாங்கும் ஆசையை அவள் காதில் ஓதியது ஒரு வாடிக்கையாளர். சொந்தமாக மூன்று வீடு வைத்திருந்ததால் கடையில் அவருக்கு ‘மூணு வீட்டு மேடம்’ என்று பெயர். முகத்தில் களிமண் பூசி, “கொஞ்ச நேரம் வாயை அசைக்காதீங்க மேடம், வெடிச்சிடும்” என்று சொன்ன பிறகும் அவர் பேச்சு நிற்காது.

“ஒரு வீட்டு வாடகை அடுத்த வீட்டுத் தவணையைக் கட்டுது. அது கட்டி முடிஞ்சதும் மூணாவது வந்துச்சு. நான் என்ன பண்றேன்? சும்மா உக்காந்திருக்கேன்!”

சும்மா உட்கார்ந்திருப்பது! நாள் முழுக்க நின்றே கால் வீங்கும் பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட வார்த்தை! அன்றிலிருந்து பார்லர் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் போனால் ‘விற்பனைக்கு’ பலகைகள்தான் கண்ணில் பட்டன. நம்பரைக் குறித்துக்கொள்வதற்குள் பஸ் போய்விடும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பாள்.

அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் பொறுப்பாளர். எதையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற மனிதர். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடக் காலாவதித் தேதி படிக்காமல் பிரிக்கமாட்டார். அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, மனிதர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்விகளாகக் கேட்டார். தண்ணீர் எப்போது வரும், மொட்டைமாடி ஒழுகினால் யார் செலவு, பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள், ஆறு மாதம் ஆள் வராவிட்டால் தவணையை எங்கிருந்து கட்டுவது.

“ஏன் ஆள் வரமாட்டாங்க? வாய் வெச்சுத் தொலைக்காதீங்க” என்றாள் அவள்.

தரகர் ஒருவர் கிடைத்தார். எதற்கெடுத்தாலும் ‘இப்பவே’ என்பார். இப்பவே வாங்க, இப்பவே முடிச்சிடலாம், இப்பவே விட்டா போச்சு. அவர் எண்ணைப் போனில் ‘இப்பவே’ என்றுதான் சேமித்து வைத்திருந்தாள். அவர் காட்டியது பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இரண்டு அறை வீடு. அந்த ஊரில் கடைகளுக்கு வார விடுமுறை செவ்வாய். பார்லரும் அன்றுதான் மூடல். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தாள். தெரு தூங்குவதுபோல அமைதியாக இருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் விழுந்து, மேடையின் வெளிர்பச்சைக் கல் தண்ணீர்போல மினுங்கியது. கையை வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான், அந்த வீடு அவளுடையதாகிவிட்டது.

“கீழே ஷட்டர் போட்டிருக்கே, என்ன அது?” என்று பேருக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏதோ குடோன் மாதிரிம்மா” என்றார் தரகர், படியிறங்கிக்கொண்டே.

அடுத்த செவ்வாய் வீட்டுக்காரரை அரை நாள் விடுப்புப் போடவைத்து அழைத்துப் போனாள். அவர் குழாயைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், பத்திரங்களை ஒரு வாரம் வைத்திருந்து வக்கீலிடம் காட்டினார். எல்லாம் சரியாகவே இருந்தன. “வேற ஒரு நாள், வேலை நாளா பாத்து வந்து பாப்போமே” என்று மட்டும் சொன்னார்.

“வேற நாள் எனக்கு எங்கேங்க லீவு?”

மூன்றாவது செவ்வாய் காலையில் தரகர் போன் செய்தார். “சாயந்திரம் இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட வர்றாங்கம்மா. உங்க முகத்துக்காகத்தான் சொல்றேன்.” மதியத்துக்குள் அவள் முன்பணம் கொடுத்துவிட்டாள். அந்த இன்னொரு பார்ட்டி உண்மையில் இருந்தார்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பதினாறு வருடச் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து வீடு கைக்கு வந்தது. பிறகு அவள் கை சும்மா இருக்குமா? சமையலறை அலமாரிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிது செய்தாள். படுக்கையறைக்கு ஊதா வர்ணம். குளியலறைக்குக் கடையிலிருப்பதைப்போல ஓரம் வெட்டிய கண்ணாடி. வேலையைப் பார்க்க அவள் போனதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில், இல்லாவிட்டால் கடை மூடிய பிறகு ராத்திரியில். “நாம குடியிருக்கப் போறதில்லையே” என்று வீட்டுக்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டு விட்டுவிட்டார். வாடகை வராத மாதங்களுக்கென்று அவர் தனியே எடுத்து வைக்கச் சொன்ன தொகை அப்படியே ஆசாரியிடமும் பெயிண்டரிடமும் போய்ச் சேர்ந்தது.

முதலில் குடிவந்தவர்கள் கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. அவர்கள் வந்து பார்த்ததும் அவளுடைய விடுமுறை நாளில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வந்து இறங்கியவர்கள் பால் காய்ச்சும் பாத்திரத்தைக்கூட முழுதாகப் பிரித்து அடுக்கவில்லை. திங்கள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் போன் செய்தாள். என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை. போன் முழுக்க ஏதோ கிறீச்சிட்டது. பல் கூசியது.

“என்னது? சத்தமா சொல்லும்மா!”

“அக்கா, நீங்களே வந்து கேளுங்க!”

நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் தலை நிறையச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார். “இருபது நிமிஷம் ஊறட்டும், இதோ வந்துடறேன்” என்று ஆட்டோ பிடித்து ஓடினாள். தெருமுனையிலேயே சத்தம் வந்து மோதியது. அந்த ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே இரும்புச் சட்டங்கள் மலையாகக் கிடந்தன. வெட்டும் இயந்திரம் பொறி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் போய் நின்றால் அவள் ஆசையாய்ச் செய்த அலமாரிக்குள் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் குலுங்கின. குழந்தை அழுவது வாயசைவில்தான் தெரிந்தது.

கீழே இறங்கிப் போய்க் கத்தினாள். முகமூடியைத் தூக்கிவிட்டு வந்தார் ஒருவர். ஜன்னல் கிரில் செய்கிறவர், பட்டறைக்குச் சொந்தக்காரர்.

“குடியிருக்கிற இடத்துல இப்படிப் பண்ணலாமா?”

“லைசென்ஸ் இருக்கும்மா. எட்டுலேருந்து ஆறு வரைக்கும். இருபத்திரெண்டு வருஷமா இங்கேதான் வெட்டறேன். நீங்க வீடு பாக்க வந்ததா சொன்னாங்க. வந்தவங்க ஒரு நாளாவது நான் கடை திறந்திருக்கறப்ப வந்து, ‘அண்ணா, உங்களுக்கு என்ன தொழில்’னு கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!”

வெளியே வந்து தரகருக்குப் போன் போட்டாள். “வீட்டைக் காட்டறதுதாம்மா என் வேலை. சத்தத்தையுமா காட்டுவாங்க?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கடைக்குத் திரும்பியபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சாயம் பூசியவரின் தலை கரிக்கட்டையாகியிருந்தது. அவரிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.

தம்பதி பன்னிரண்டு நாளில் கிளம்பினார்கள். அடுத்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. தவணை மட்டும் ஒரு மாதமும் பூட்டிக் கிடக்கவில்லை. போதாக்குறைக்கு, மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்ய அவள் பங்கு இவ்வளவு என்று கட்டடச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அப்படி ஒரு சங்கம் இருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

“வீடு காலியா கிடந்தா நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்?” என்று ஒருநாள் மூணு வீட்டு மேடத்திடம் கேட்டாள். களிமண் பூசாமலேயே அவர் வாய் முதல்முறையாக அடைத்துக்கொண்டது.

“ஒரு வீடு ரெண்டு வருஷமா காலிதான்” என்றார் கடைசியில். “இன்னொண்ணுல கேஸு. அதையெல்லாம் எங்கே போய்ச் சொல்றது, விடு.”

வீட்டுக்காரர் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் பேசாமல் கிடங்கில் கூடுதல் நேரம் வேலை பார்க்க ஆரம்பித்தார். அவளோ நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவித்தாள். தவணைக் கணக்கை நினைத்துக்கொண்டே நூலை இழுத்ததில், பத்து வருட வாடிக்கையாளர் ஒருவரின் புருவத்தில் பாதியை எடுத்துவிட்டாள். அந்தம்மா மறுபடி வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வீட்டைச் செவ்வாய்க்கிழமை மட்டும் காட்டினால்?

வந்தவள் ஒரு நர்ஸ், முப்பது வயதிருக்கும். வெயில் விழுந்த அதே சமையலறை மேடையில் அவளும் கையை வைத்துப் பார்த்தாள்.

“எனக்கு எப்பவும் நைட் டியூட்டி அக்கா. பகல்லதான் தூங்கணும். அதான் அமைதியான இடமா தேடறேன். இங்கே எப்படி?”

“நல்லாக் காத்து வரும்மா” என்றாள் பார்லர் அக்கா. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. நர்ஸ் அதைக் கவனிக்கவில்லை. அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் வருகிறேன் என்று போனாள்.

அந்தப் பணத்தை அவள் கைப்பையின் உள் அறையில் வைத்தாள். பிறகு அலமாரிக்கு மாற்றினாள். மறுபடி கைப்பைக்கே கொண்டுவந்தாள். புதன்கிழமை ஒருத்திக்குத் தலை அலசும்போது, ‘பகல்லதான் தூங்கணும்’ என்ற குரல் கேட்டது. வியாழக்கிழமை புருவத்துக்கு நூலை இழுக்கும்போதும் கேட்டது. பெரிய குற்றமா செய்துவிட்டோம், எல்லோரும் செய்கிறதுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தன்னிடம் இதையே செய்த ஆளை நாலைந்து மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோமே என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது. வெள்ளிக்கிழமை மதியம், பாதி முடிவெட்டில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் போன் செய்தாள்.

“அந்த வீட்டுக்குக் கீழே இரும்புப் பட்டறை இருக்கும்மா. காலைல எட்டு மணிலேருந்து வெட்டுவாங்க. உன்னால ஒரு நாள்கூடத் தூங்க முடியாது.”

நர்ஸின் குரல் உயர்ந்தது.

“இதைச் செவ்வாய்க்கிழமை ஏன் சொல்லலை? நான் கேட்டேனே!”

“கேட்டேதான்.”

“இன்னிக்குச் சாயந்திரம் இப்ப இருக்கற வீட்டைக் காலி பண்றதா சொல்ல இருந்தேன். சொல்லியிருந்தா நான் எங்கே போய் நிப்பேன்?”

நன்றி, பரவாயில்லை என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. மறுநாள் பணி உடையோடு கடைக்கு வந்து, நின்றபடியே பணத்தை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“சரி, அப்ப எப்போ காட்டப் போற?”

“புதன்கிழமை. பதினொரு மணிக்கு. மிஷின் ஓடறப்ப.”

அப்படியே செய்தாள். முதலில் வந்தவர் படிக்கட்டிலிருந்தே திரும்பிவிட்டார். இரண்டாமவர் காதைப் பொத்திக்கொண்டு ஒரு அறையைப் பார்த்தார். இதற்கிடையில் அவளே போய்ப் பட்டறைக்காரரிடம் பேசினாள், இந்த முறை கத்தாமல். இயந்திரத்தைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளி, அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போட்டால் அதிர்வு குறையும் என்று அவரே வழி சொன்னார். விரிப்பு அவள் செலவு, தள்ளியது அவர் ஆட்கள். டம்ளர் குலுங்குவது நின்றது. கிறீச்சொலி நிற்கவில்லை.

ஏழாவதாக வந்தார்கள் ஒரு தாயும் மகளும். தாய் ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் வேலை. மகள் கல்லூரிக்குப் போகிறவள். வரவேற்பறையில் நின்று ஐந்து நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டார் தாய்.

“ஏழரைக்குக் கிளம்பினா ரெண்டு பேரும் திரும்ப ஏழாகும். ஞாயிறு ஓடுமா?”

“ஞாயிறு அரை நாள் ஓடும். செவ்வாய்தான் முழுசா லீவு.”

“அப்ப வாடகையில குறைச்சுக்கணும். இந்த ஊதா கலரையும் மாத்தித் தரணும், பாத்தாலே தலைவலிக்குது.”

மற்றவர்கள் சொன்ன எதையும்விட ஊதா நிறத்தைச் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரியென்றாள். அந்த வாடகை தவணையில் முக்கால் பங்குக்குத்தான் வந்தது. மீதிக்காக ஒப்பனை கற்றுத்தரும் வகுப்பு ஒன்று ஆரம்பித்தாள். சும்மா உட்காரப் போகிறவள் முன்னைவிட அதிக நேரம் நின்றாள். விற்றுவிடலாமா என்று வீட்டுக்காரர் விலை விசாரித்தார். போட்ட பணத்தில் நல்ல துண்டு போய்விடும் என்று தெரிந்தது. நாலைந்து வருடம் வைத்திருப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். கட்டடச் சங்கக் கூட்டத்துக்கு இப்போதெல்லாம் அவள்தான் முதல் ஆளாகப் போய் உட்காருகிறாள்.

ஒரு வருடம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பரைக் கையோடு அழைத்துப் போயிருந்தாள். அவர் வாஷரை மாற்றி முடிப்பதற்குள் அது எத்தனை நாள் உழைக்கும், மெயின் பைப் எவ்வளவு பழசு, எந்தச் சுவருக்குள் போகிறது என்று கேட்டு அவரைத் துளைத்தெடுத்துவிட்டாள்.

“அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா சீக்கிரம் முடிச்சிடுவேன்” என்றார் அவர்.

டிக்கெட் கவுண்டர் அம்மா கையெழுத்துப் போட்டார். இவளும் போட்டாள். நாலு மணிக்குக் கடையில் ஒரு தலைக்கு நேரம் கொடுத்திருந்தாள். நீட்டிய தேநீரை நின்றபடியே இரண்டு வாய் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.