கமலா காட்டிய பாங்கொக் படங்கள்

இன்று மதியம் லண்டன் டூட்டிங்கில் உள்ள அலுவலகத்தில், மலேசியாக்காரி கமலா விடுமுறைப் படங்களைக் காட்டினார். பாங்கொக்கின் பழைய புத்தர் கோயில்.

“ரொம்ப அமைதியான இடம். நீங்களும் ஒரு தடவை போய்ப் பாருங்க.”

“போயிருக்கிறன்,” என்றேன்.

ஏழு வருடங்களுக்கு முன், லண்டனுக்கு வரப் புறப்பட்ட நானும் தம்பியும் அந்தக் கோயில் வாசலில்தான் காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்டுக்காகக் காத்திருந்தோம். ஏஜென்ட் ஒரு பாஸ்போர்ட்தான் கொண்டுவந்தான்.

“நீ போ அண்ணை. நான் அடுத்த கிழமை வாறன்,” என்றான் தம்பி.

நான் வந்துவிட்டேன். அவனிடமிருந்து ஒரு கடிதம்கூட இல்லை.

படங்களில் பின்னால் நின்ற கூட்டத்தை முகம் முகமாகத் தேடினேன்.

கமலா சிரித்தார். “புத்தர் இவ்வளவு பெரிசா இருக்காரு, நீங்க எங்க பாக்குறீங்க?”

நான் இதை எழுதும் இந்த மின்னஞ்சல் குழுவில் பாங்கொக் வழியாக வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். தம்பிக்கு இடது புருவத்தில் தழும்பு உண்டு.

நல்ல செய்தியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை.