யாரைக் கேட்டு எழுதினாய்?

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரின் மனைவிக்கு முத்து முத்தான கையெழுத்து. நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

மலாயாவில் செடெனாக் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று கணக்கெழுதும் கிராணி வீட்டுக்குக் கப்பலில் வரும். அவர்கள் படித்து முடித்ததும் நான் வாங்கிவந்து தொழிலாளர் லயத்துப் பெண்களுக்குப் படித்துக் காட்டுவேன். அதில் ஒரு தொடர்கதை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவள் புருஷன் பிழைப்புத் தேடிக் கப்பலேறுகிறான். 'தொடரும்' என்று போட்டிருந்தது. அதோடு சண்டை வந்தது, பத்திரிகை நின்றது.

அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று பெண்கள் என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். பார்த்தேன், மீதியை நானே எழுதிவிட்டேன். ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் கிடந்த தாள்களின் பின்பக்கத்தில்தான். முதல் பக்கத்தில் நியாயமாக ஒரு குறிப்பும் வைத்தேன். கதையை ஆரம்பித்தவர் வேறொருவர், இதை யாரும் விற்கக் கூடாது, படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று. புருஷனை நடுக்கடலில் மூழ்கடித்தேன். லயமே அழுதது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் யார் எப்படி அழுதார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அண்ணி மட்டும் அழவில்லை, பாதியில் எழுந்து போய்விட்டாள். ரயில் பாதை போட ஜப்பான்காரன் அண்ணனைச் சயாமுக்குக் கொண்டுபோய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு தகவலும் இல்லை. நானோ, என் கதை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டேன்.

டிரஸ்ஸரின் மனைவி ஜொகூர் பாருவில் கான்வென்ட்டில் படித்தவள். என் தாள்களை இரவல் வாங்கிப்போய், ஒரு நோட்டில் வரிக்கு வரி எழுதிக்கொண்டாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டு, புருஷன் பிழைத்துக் கரையேறுகிறான் என்று மாற்றி, மேற்கொண்டும் எழுதிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். மரவள்ளிக் காட்டு வேலை முடிந்ததும் என் வாசலுக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் அவள் வீட்டுக்குப் போனது. அண்ணியும் போனாள், ஒரு நாள் தவறாமல். ஒரே வீட்டில் என்னோடு இருந்துகொண்டு! அந்த நோட்டை நான் கையாலும் தொடவில்லை.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் டிரஸ்ஸர் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால், இது திருட்டு என்றேன். அத்தாட்சியும் வைத்திருந்தேன். கதையில் தஞ்சாவூரில் விடியற்காலையில் மழை பெய்கிறது, இன்றைக்கு வேலையில்லை என்று ஊரே சந்தோஷமாகப் போர்த்திக்கொண்டு படுக்கிறது. அது என் வரி. அவள் நோட்டிலும் அப்படியே இருப்பதைக் கேட்டவர்களே சொல்லியிருந்தார்கள்.

அண்ணி தஞ்சாவூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வாய்விட்டுச் சிரித்தாள். "மழை பேஞ்சா எங்க ஊர்ல எவளும் படுக்க மாட்டா. எல்லாரும் வயல்லதான் நிப்போம்" என்றாள். மழை என்றால் பால் மரம் வெட்ட முடியாது, லீவு. தோட்டத்தில் பிறந்த எனக்கு அது ஒன்றுதானே தெரியும். டவுனில் பிறந்தவளுக்கு அதுவும் தெரியாது, அப்படியே எழுதிக்கொண்டாள். திருட்டை நிரூபிக்கப் போய் நான்தான் மூக்குடைபட்டேன்.

அந்தம்மா கோபப்படவில்லை. "மழை உங்களுதுதான். கப்பலேறுனவரு யாரோடது? பட்டணத்துல கதைய ஆரம்பிச்சவர நீங்களும் கேக்கல, நானும் கேக்கல" என்றாள். நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஆத்திரம் வேறு சேர்ந்துகொண்டது.

ஒரு வாரம் போயிருக்கும். அண்ணி அந்த நோட்டை இரவல் வாங்கிவந்து தன் பெட்டியில் சேலைக்கடியில் வைத்திருந்தாள். அவள் விறகுக்குப் போன மத்தியானம் எடுத்தேன். கரையேறும் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். அந்தப் பக்கத்தைத் தேடும்போது கண்ணில் பட்டதைப் படித்துவிட்டேன்.

கப்பலிலிருந்து இறங்கியவன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறான். வாசல் வழியாக வரவில்லை. கொல்லைப்பக்கம் நுழைந்து, பெண்டாட்டியைக்கூடக் கூப்பிடாமல், அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் தூக்கிப் பார்க்கிறான்.

அது என் அண்ணன். வேலை விட்டு வரும் நாளெல்லாம் அப்படித்தான் வருவான். டிரஸ்ஸர் வீட்டுக்கு அது எப்படித் தெரியும்?

விறகுக் கட்டோடு அண்ணி நின்றிருந்தாள்.

"கிழிக்காத. நான் சொன்னேன், அவங்க எழுதினாங்க. மொதல்ல உன்கிட்டதான் கேக்க வந்தேன், அவரு செத்துட்டாருங்கறத மாத்தி எழுதுன்னு. நீ யார் யார் அழுதாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்த."

அடுத்த அத்தியாயத்தை நான் எழுதட்டுமா அண்ணி, உங்களுக்குப் பிடித்த மாதிரியே எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். அண்ணி விறகை இறக்கிவிட்டு, என் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள். "அவங்களே எழுதட்டும்."